உடைவதற்கென்றே ஒரு பாகம்

எங்கள் ரிமோட் வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. மேடவாக்கத்தில் குடியிருக்கும் ஐ.டி. கம்பெனி நண்பர் ஒருவர், தன் ஆஃப்-ரோடு டிரக்கிலிருந்த பிளாஸ்டிக் பாகங்களையெல்லாம் கழற்றிவிட்டு, நீல நிற அலுமினியத்தில் முழு செட்டும் வாங்கி மாட்டியிருக்கிறார். வண்டி கல்யாண மண்டப வாசல் மாதிரி மின்னுகிறது. கீழே ஒரு கேள்வி: "தாஸ் அண்ணா, இனிமே இது உடையவே உடையாதுல்ல?"

அதற்குள் பல பேர் கைதட்டும் பொம்மைகளைப் போட்டுவிட்டார்கள். நான் பதில் எழுதத் தொடங்கினேன். கட்டைவிரல் வலித்தபோதுதான் இது வாட்ஸ்அப்பில் அடங்காது என்று தெரிந்தது. சுருக்கமான பதில் போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்: உடையும். எது உடையும் என்பதுதான் இனி உங்கள் கையில் இல்லை.

என் அலுமினியக் கதையைக் கேட்க விரும்புகிறவர்கள் மட்டும் தொடருங்கள். என் மூக்கு உடைந்த கதையும் அதுவே.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் பதினேழு வருடம் இரும்பு கடைந்தேன். பட்டறை மூடியபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது, தொண்ணூற்றிரண்டு கிலோ எடை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ரிமோட் கார், படகு, டிரக் எல்லாம் விற்று, பழுதும் பார்க்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே ரிப்பேர் மேசைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். வீட்டில் சொன்னேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்: "பொம்ம ரிப்பேருக்கா போறீங்க? சம்பளமாவது நெஜ நோட்டா குடுப்பாங்களா?"

கொடுத்தார்கள். போன வருடம் ஓய்வு பெறும்வரை அதே மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் அந்த மேசையில்தான் இருந்தேன்.

முதல் இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரும்பைப் பிடித்த கைக்கு நைலான் பிடிபடவில்லை. திருகை இறுக்கினால் துளையே வழுக்கிப் போகும். புதிய நைலான் பாகங்கள் மொறமொறவென்று முறியும். அவற்றைக் கொதிக்கும் தண்ணீரில் இருபது நிமிடம் போட்டு எடுத்தால் ஈரத்தைக் குடித்து வளைந்து கொடுக்கும் என்று கற்றுக்கொண்டேன். அதை வீட்டில், ரசப் பாத்திரத்தில் செய்து பார்த்தேன். பாகங்கள் நன்றாக வந்தன. அந்தப் பாத்திரம் அதற்குப் பிறகு கடைக்கே சொந்தமாகிவிட்டது.

கடையின் முதலாளி பர்வீன் மேடம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிறவர்கள். இவர் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, அதே பொறுமையைச் சின்ன மோட்டார்களுக்குக் கொண்டுவந்தவர். என்னை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் வழக்கம் இது. உடைந்த வண்டி வந்தால், உடைந்த பாகத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பார். வைத்துவிட்டுச் சும்மா நிற்பார். நான் ஏதாவது சொல்ல வேண்டும். "நல்லா இடிச்சிருக்காங்க மேடம்" என்பேன். நிற்பார். "பிளாஸ்டிக் மட்டம் மேடம்" என்பேன். இன்னும் நிற்பார். கடைசியில் நான் முறிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீறல் எந்த மூலையில் தொடங்கியது, எந்தப் பக்கம் ஓடியது என்று உருப்படியாக ஒரு வாக்கியம் சொன்ன பிறகுதான் நாற்காலிக்குப் போவார்.

உடைந்தது ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போகும். மேலே மாஸ்கிங் டேப்பில் மூன்று வரி எழுத வேண்டும்: எங்கே முறிந்தது, எதில் இடித்தது, பக்கத்துப் பாகம் எப்படி இருக்கிறது. மூன்றாவது வரியை நான் எப்போதும் "நல்லா இருக்கு" என்று நிரப்பிவிடுவேன். பாதி உறைகளில் அது பொய். நான் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றேன். பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே இருக்கும் துளைக்குள் திருகைப் போடும்போது, முதலில் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் 'டிக்' என்று விழும். பழைய மரை அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து முன்பக்கம் இறுக்கினால் துளை பல வருடம் தாங்கும். பதினேழு வருடம் மரை வெட்டியவனுக்கு இதை ஒரு டிப்ளமாக்காரர் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது முடிச்சூருக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். முடிச்சூரில் ஒரு லேஅவுட் சங்கத்தின் செக்ரட்டரி ஜெயபால் கடைக்கு வந்தார். அந்த லேஅவுட்டே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். பெரிய வெள்ளத்தில் தரைத்தளமெல்லாம் முழுகிய தெரு. தெருவுக்கு அடியில் மூன்றடி அகலத்தில் கான்கிரீட் பெட்டியாக மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. இந்த முனையில் தண்ணீர் விட்டால் அந்த முனையில் வரவில்லை. நடுவில் எங்கோ அடைப்பு. ரோட்டை ஒரே ஒரு இடத்தில்தான் உடைக்கலாம், இரண்டு இடத்தில் கை வைத்தால் மூடியிருக்கும் தளமே உட்கார்ந்துவிடும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். எந்த இடம் என்று தெரிய வேண்டும்.

"பெரும்பாக்கத்துலேர்ந்து ஒரு ஆள் வர்றான். ஏழுமலைன்னு பேரு. மேன்ஹோல் வழியா எறங்கி, தவழ்ந்து போய்ப் பார்த்துட்டு வந்துடறேங்கறான்" என்றார் ஜெயபால். "எங்க தெருப் பையன் ஒருத்தன்தான் உங்க டிரக்ல கேமரா வெச்சு அனுப்பலாமேன்னான். அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

மேடம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். "உள்ள என்ன காத்து இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஆளை இறக்காதீங்க சார். டிரக் போகும்."

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? மழை தலைக்கு மேல நிக்குது. ஞாயித்துக்கிழமை வாங்க. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் உங்க பொம்ம. அதுக்குள்ள எடத்தைக் காட்டலைன்னா ஏழுமலை எறங்குவான்."

மேடம் ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போக வேண்டியிருந்தது. "வண்டியைத் தயார் பண்ணி வைங்க அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் செய்த தயார் என்ன தெரியுமா? கடை ஷோகேஸில் தூசி படிந்திருந்த அலுமினியப் பாகங்களை எல்லாம் எடுத்து மாட்டினேன். முன் சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம் இரண்டும் அலுமினியம். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் முட்டியும் அலுமினியம். இடித்தால் ஸ்டியரிங் விட்டுக்கொடுப்பதற்காக ஒரு ஸ்பிரிங் இருக்குமே, அதையும் அசையாதபடி இறுக்கினேன். ரேடியோ ரிசீவருக்குத் தண்ணீர் படாமல் பிறந்தநாள் பலூன் ஒன்றை உறையாக மாட்டினேன். அந்த ஒன்று மட்டும் புத்திசாலித்தனம். முடித்துவிட்டுக் கண்ணாடியில் என் முகத்தைக்கூடப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேடம் நேராக முடிச்சூருக்கு வந்தார். வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்கு" என்றார். அவ்வளவுதான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஏழுமலை வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு துண்டு, இன்னும் பிரிக்காத ஒரு சோப்பு. ஏறி வந்து குளிப்பதற்கு. அந்தச் சோப்பைப் பார்த்த பிறகு எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. எனக்கு அது அபூர்வம்.

வண்டியின் பின்னால் நைலான் கயிறு, அதோடு சேர்த்துக் கட்டிய கேமரா வயர். மீட்டருக்கு ஒரு சிவப்பு டேப் சுற்றியிருந்தோம். எத்தனை டேப் உள்ளே போனது என்று எண்ணினால் தூரம் தெரியும். ரேடியோ அலை கான்கிரீட்டைத் தாண்டாது. அதனால் நான் ரோட்டில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, ரிமோட்டோடு இரண்டு கையையும் மேன்ஹோலுக்குள் நீட்டி ஓட்டினேன். மேடம் பக்கத்தில் போனில் படத்தைப் பார்த்தபடி, "லெஃப்ட் அண்ணா... செங்கல்... செங்கல் அண்ணா!" என்றார்.

"இருக்கட்டும் மேடம், இது டாங்க்" என்றேன்.

இருபத்தாறாவது டேப்பில் செங்கல்லில் இடித்தது. ஆர்முக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் வீல் வீல் என்று கத்தியது. கயிற்றைப் பிடித்து இழுத்து மேலே தூக்கியபோது முன் சக்கரம் இரண்டும் முருங்கைக்காய் மாதிரி தொங்கின.

ஏழுமலை எட்டிப் பார்த்தார். "இன்னா சார், உங்க வண்டி நொண்டிகினு வருது. வுடு, நான் ஒரு எட்டு போய்ப் பார்த்துகினு வந்துர்றேன்."

"மணி ஒண்ணரைதான் ஆகுது" என்றார் மேடம். "நாலு வரைக்கும் எங்களுது."

ஜெயபால் தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். மேடம் வண்டியின் முன்பக்கத்தைப் பிரித்தார். கியர்ப் பெட்டியின் பிளாஸ்டிக் கூட்டில், திருகு இறங்கும் தூணிலிருந்து முக்கால் அங்குலத்துக்கு விரிசல். அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நின்றார்.

சுற்றிலும் சங்கத்து ஆட்கள்.

"ஆர்ம் உடைஞ்சுதா அண்ணா?"

"இல்ல மேடம். ஒரு கீறல்கூட இல்ல."

"அப்போ அந்த இடி எங்க போச்சு?"

கையிலேயே இருந்தது பதில். பிளாஸ்டிக் ஆர்மாக இருந்திருந்தால் அது வளைந்திருக்கும், மிஞ்சினால் முறிந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் மாற்றியிருப்பேன். நான் அதை இரும்பு மாதிரி ஆக்கிவிட்டேன். இடி அதைச் சும்மா தாண்டிப் பின்னால் போய், வண்டியின் வயிற்றைப் பிளந்துவிட்டது. இத்தனை வருடம் உறையில் மூன்றாவது வரியில் நான் எழுதிய "நல்லா இருக்கு" எல்லாம் வரிசையாக நின்று என்னைப் பார்த்தன.

"எது உடையணும்னு முடிவு பண்ணுங்க. மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்றார் மேடம்.

முடிவு பண்ணினேன். முதலில் பம்பர் போக வேண்டும். அடுத்து ஸ்டியரிங் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்க வேண்டும். அப்புறம் ஆர்ம். கியர்ப் பெட்டி மட்டும் எந்தக் காரணத்துக்கும் போகக் கூடாது. அது போனால் வண்டியும் போச்சு, ஏழுமலை இறங்கிவிடுவார்.

விரிசல் முடியும் நுனியில் கைத் துரப்பணத்தால் ஒன்றரை மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டேன். கூர்மையான நுனி வட்டமாகிவிட்டால் விரிசல் அதற்கு மேல் ஓட வழி தெரியாமல் நின்றுவிடும். விரிசலுக்குள், இரண்டு டியூபைக் கலந்தால் ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை. மேலே, என் பெருமைக்குரிய அலுமினிய ஆர்ம் ஒன்றை ரம்பத்தால் அறுத்து, அதில் ஒரு பட்டை எடுத்துக் கூட்டின் இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டினேன். அறுக்கும்போது கொஞ்சம் வலித்தது. திருகுகளை எதிர்ப்பக்கம் சுற்றி, 'டிக்' கேட்டு, இறுக்கினேன். என் கருவிப் பையிலிருந்த பழைய நைலான் ஆர்ம்களை, ரசப் பாத்திரத்தில் குளித்தவைதான், மாட்டினேன். ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன்.

பம்பருக்கு ஒன்றும் இல்லை. என் காலைப் பார்த்தேன். வலது கால் ரப்பர் செருப்பைக் கழற்றி, குதிகால் பகுதியை வெட்டி, இரண்டே இரண்டு நைலான் திருகில் முன்னால் தொங்கவிட்டேன். பலமாக இடித்தால் திருகு அறுந்து செருப்பு மட்டும் போகும்.

"புதுச் செருப்பா சார்?" என்றார் ஏழுமலை.

"போன வாரம் வாங்கினது."

"சரியான ஆள் சார் நீ."

மூன்றேகாலுக்கு மறுபடி இறக்கினோம். இந்த முறை வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். செங்கல்லில் செருப்பு பட்டு வண்டி மெத்தென்று திரும்பிக்கொண்டது. முப்பது. முப்பத்தைந்து. ஒரு ஜல்லிக் குவியலில் ஏறி இறங்கியது. நாற்பத்தோராவது டேப்பில் மேடம் என் தோளைத் தட்டினார். படத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பலகைகள். தளம் போட்டபோது முட்டுக்கொடுத்த சென்ட்ரிங் பலகைகளை யாரோ உருவாமல் விட்டுப் போயிருக்கிறார்கள். அதில் இத்தனை வருடக் குப்பையும் சேறும் தேங்கிச் சுவராகியிருந்தது.

மேலே ரோட்டில் அளவு டேப் பிடித்து அளந்தோம். நாற்பத்தொரு மீட்டர் போய் நின்ற இடம் ஜெயபால் வீட்டு கேட். கேட்டுக்கு முன்னால் கார் ஏறுவதற்குப் போன மாதம்தான் போட்ட கிரானைட் சரிவு.

ஜெயபால் கிரானைட்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "பலகை இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா கயிறு உள்ள வளைஞ்சு நெளிஞ்சுல்ல போயிருக்கும்? சரியா இங்கதான்னு எப்படிச் சொல்றது? ஏழுமலை போய் உள்ளேர்ந்து தட்டட்டும். சத்தம் கேக்கற எடத்துல உடைச்சுடறேன். நாலாகப் போகுது, பேச்சு பேச்சா இருக்கணும்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் சங்கடம். ஏழுமலை சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"வேண்டாம் சார்" என்றார் மேடம்.

"நாலு மணிக்கு மேல உங்க பொறுப்பு இல்லம்மா."

எனக்கு வாதாடத் தெரியாது. உட்காரத் தெரியும். மேன்ஹோலின் விளிம்பில் உட்கார்ந்து, கால் இரண்டையும் உள்ளே தொங்கவிட்டேன். அந்த ஓட்டைக்கும் என் இடுப்புக்கும் நடுவில் ஒரு பூனைகூட நுழைய முடியாது.

"சார், எந்திரி சார்" என்றார் ஏழுமலை.

"முடியாதுப்பா. மாட்டிக்கிச்சு."

"இன்னா சார், ஒத்த செருப்போட ஒக்காந்துகினு பேஜார் பண்ற? நான் தினம் எறங்கறவன் சார். இன்னா ஆயிடப் போவுது?"

"ஒண்ணும் ஆவாதுய்யா. ஆனா நான் எந்திரிக்கல."

ஜெயபால் சிரித்தார், பிறகு முறைத்தார், பிறகு "என்னய்யா இது?" என்றார். மேடம் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "அண்ணா, உள்ளேர்ந்து தட்டணும், அவ்வளவுதானே. வண்டி இன்னும் அங்கதான் இருக்கு."

ரிமோட்டை முழங்கால்களுக்கு நடுவில் உள்ளே பிடித்தேன். "சார், கேட்டுக்குப் போய் கிரானைட்ல காதை வையுங்க" என்றேன். ஜெயபால் தயங்கினார், ஏழுமலை ஓடிப் போய்ப் படுத்துக் காதை வைத்தார். அதைப் பார்த்து ஜெயபாலும் போய் வேட்டியை மடித்துக்கொண்டு படுத்தார்.

வண்டியைப் பின்னால் எடுத்து முழு வேகத்தில் பலகையில் மோதினேன். "ஒண்ணும் கேக்கல சார்" என்று ஏழுமலை அங்கிருந்து குரல் கொடுத்தார். மறுபடி. "இல்ல." செருப்பு! நான் பார்த்துப் பார்த்து மாட்டிய மெத்தை எல்லாச் சத்தத்தையும் விழுங்குகிறது. அது போகும்வரை இடிக்க வேண்டும். எட்டாவது இடியிலோ ஒன்பதாவதிலோ நைலான் திருகு அறுந்தது. "செருப்பு போச்சு அண்ணா" என்றார் மேடம், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இனி வெறும் மூக்கு. பின்னால் எடுத்தேன். கியர்ப் பெட்டியின் பட்டையை நினைத்தேன். விரலை அழுத்தினேன்.

"டக்குனு கேக்குது!" ஏழுமலை கத்தினார். "இங்க சார், இங்க! இன்னொருவாட்டி வுடு!"

விட்டேன். இன்னொரு முறை. இன்னொரு முறை. ஜெயபாலே கையை ஆட்டி, "போதும்யா, என் காதுலயே இடிக்குது" என்று சொல்லும்வரை விட்டேன். கடைசி இடியில் இடது ஆர்ம் முறிந்தது. கியர்ப் பெட்டி முனகவில்லை. மூன்று சக்கரத்தில் வண்டி பின்பக்கமாகவே நாற்பத்தொரு மீட்டரும் தானாக ஓடி வந்தது. கயிற்றை இழுக்கவே இல்லை.

ஜெயபால் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். கிரானைட்டை இன்னொரு முறை பார்த்தார். அப்புறம் போனை எடுத்து உடைக்கும் மெஷினுக்குச் சொன்னார்.

என்னை மேன்ஹோலிலிருந்து எடுக்க ஏழுமலையும் இன்னும் இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள். நிஜமாகவே மாட்டிக்கொண்டிருந்தது.

ஐந்தரை மணிக்குச் சரிவு பிளந்து கால்வாய் தெரிந்தது. திறந்த பள்ளத்தின் கரையில் நின்றே ஏழுமலை கொக்கியால் பலகைகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டார். பதினோரு பலகை. பன்னிரண்டாவதை இழுத்ததும் தேங்கியிருந்த தண்ணீர் சளசளவென்று அந்த முனைக்கு ஓடியது. மாடியிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். மேடம் முறிந்த ஆர்மை எடுத்து, மாஸ்கிங் டேப் கிழித்து, எழுதச் சொல்லி என்னிடம் நீட்டினார். கியர்ப் பெட்டியைப் பிரித்து, உள்ளே பார்த்து, அதன் பிறகு மூன்றாவது வரியை எழுதினேன்.

அந்த வருட மழையில் முடிச்சூரின் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. நண்பருக்கு நான் சொல்ல வந்த தொழில்நுட்ப விஷயம் இங்கே முடிகிறது.

ஆனால் இன்னொன்று. இந்தக் கட்டுரையைப் பாதி எழுதிக்கொண்டிருந்தபோது ஏழுமலை போன் செய்தார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை செய்வார். "சார், இங்க ஒரு அபார்ட்மென்ட்ல பைப்புக்குள்ள எறங்கச் சொல்றாங்க. வண்டி வருது, அதுவரைக்கும் எவனும் எறங்கக் கூடாதுன்னு சொல்லிக்கினு மூடி மேல ஒக்காந்துகினு கீறேன். எவ்ளோ நேரத்துல வருவ?"

நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்: "நீ இன்னா வேணா சொல்லு, நான் எந்திரிக்க மாட்டேன்."

மேடத்துக்குப் போன் போட்டேன்.

"எந்தத் தெரு அண்ணா?" என்றுதான் கேட்டார்.